வீட்டுப் பதிவுக் கணினிக்கு டிவி டியூனர் கார்டு வாங்குமுன்: வடசென்னை வீடுகளுக்கான வழிகாட்டி

டிவி சேனல்களைக் கணினியில் பிடித்துத் தரும் டியூனர் கார்டு ஒன்று என் மேசை இழுப்பறையில் பல காலமாகக் கிடக்கிறது. எஸ்ஏஏ7134 என்ற சில்லைக் கொண்ட பழைய பிசிஐ வகைக் கார்டு அது. தண்டையார்பேட்டை வீட்டில் அம்மாவுக்காக, டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் ஒரு பதிவுக் கணினி அமைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடையில் 900 ரூபாய்க்கு அதை வாங்கினேன். "கேபிள் ஒயரைச் சொருகினா போதும் சார், எல்லாச் சேனலும் வந்துரும்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து சொருகினேன். சேனல் தேடல் பூஜ்யத்தில் தொடங்கி நூறு விழுக்காடு வரை பொறுமையாக ஓடி முடித்து, ஒரு சேனலும் இல்லை என்று அறிவித்தது. கார்டில் எந்தப் பழுதும் இல்லை. அது பிடிக்கக்கூடிய, டிஜிட்டலுக்கு முந்தைய அனலாக் அலை எங்கள் தெருவுக்கு வருவது நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான்.

இந்தத் தவறைப் புதிதாக வருகிற பலரும் செய்கிறார்கள். ஆகவே கார்டுகளின் விலைப் பட்டியலைப் புரட்டுமுன் செய்யவேண்டிய வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: வீட்டுக்குள் வரும் கம்பி எது என்று பாருங்கள்

மொட்டை மாடிக்கு ஏறி, தொலைக்காட்சிக்குப் போகும் கம்பி எங்கிருந்து இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். தெருக்கம்பத்திலிருந்து கேபிள்காரர் இழுத்த கம்பியா, கட்டண டிடிஎச் நிறுவனத்தின் டிஷ்ஷா, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷா, அல்லது ஆன்டெனாவா என்பதைப் பொறுத்தே வாங்கவேண்டிய பொருள் முற்றிலும் மாறிவிடும்.

கேபிள் வீடுகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டணச் சேனல்களைச் செட்டாப் பாக்ஸ் வழியாக மட்டும் தரும் முறை, நாட்டிலேயே முதலாவதாக 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் இலவசச் சேனல்கள் பாக்ஸ் இல்லாமலே அனலாக்காக வந்துகொண்டிருந்ததால், பழைய டியூனர் கார்டுகளுக்கு வேலை இருந்தது. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில் டிஜிட்டல் உரிமம் கிடைத்து, அதன் பாக்ஸ்களும் வீடு வீடாக வரத் தொடங்கிய பிறகு அந்தக் காலம் முடிந்தது. இன்று கேபிள் கம்பியில் வருவது டிவிபி-சி என்ற டிஜிட்டல் முறை. அதில் சேனல்கள் பூட்டப்பட்டு வருகின்றன. பூட்டைத் திறக்கும் சாவி செட்டாப் பாக்ஸுக்குள் இருக்கிறது. டிவிபி-சி வசதியுள்ள விலையுயர்ந்த கார்டை வாங்கிச் சொருகினால், அது அலைவரிசையைப் பிடிக்கும், சேனல் பெயர்களைக்கூட வரிசையாகக் காட்டும். படம் மட்டும் வராது.

கட்டண டிடிஎச் இணைப்புக்கும் இதே கதைதான். ஐரோப்பாவில் சாவியை ஒரு தனி மாட்யூலாக வாங்கிக் கார்டின் பக்கவாட்டுத் துளையில் செருகிக்கொள்கிறார்கள் என்று படித்துவிட்டு, அத்தகைய துளையுள்ள கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எந்த நிறுவனத்தின் இணைப்புக்கும் ஒரே பாக்ஸ் பொருந்தவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது உண்மை. ஆனால் நம் கடைகளில் அந்த மாட்யூலைக் கேட்டுப் பாருங்கள், வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

ஆன்டெனா வைத்திருப்பவர்கள் சொற்பம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூர்தர்ஷன் 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 முறையில் தரைவழி ஒளிபரப்பை அறிவித்தது. இதற்கென்று கார்டு வாங்குமுன், உங்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் அமைப்புப் பட்டியலில் ஆன்டெனா தேடல் இருந்தால் அதை ஓட்டிப் பாருங்கள். அண்மைக் காலப் பெட்டிகள் பலவற்றில் இந்த டியூனர் உள்ளேயே இருக்கிறது. பெட்டியில் சேனல் வந்தால் கார்டிலும் வரும். வராவிட்டால் கார்டுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

மிச்சம் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ். டியூனர் கார்டு என்ற பொருள் தன் முழுத் திறமையையும் காட்டக்கூடிய இடம் இன்று நமக்கு இது ஒன்றுதான்.

படி 2: ஃப்ரீ டிஷ் வீடாக இருந்தால், டிவிபி-எஸ்2 கார்டு

2004 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவை, இப்போது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. பெரும்பாலான சேனல்கள் பூட்டில்லாமல் வருவதால், செட்டாப் பாக்ஸே இல்லாமல் டிஷ்ஷின் கம்பியை நேராகக் கணினியில் சொருகிப் பதிவு செய்யலாம். ஒளிபரப்பில் வந்த டிஜிட்டல் தரவு சிறிதும் மாறாமல் அப்படியே கணினியின் வட்டில் இறங்குவதால் படத்தின் தரம் சிறிதும் குறையாது. மையச் செயலிக்கும் வேலை ஏறக்குறைய இல்லை. பத்து வருடப் பழைய கணினிகூடத் தாராளமாகப் போதும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள். டிடி தமிழ் கிடைக்கும். 2024 சனவரி வரை பொதிகை என்ற பெயரில் நாம் பார்த்த அதே சேனல்தான். மற்ற தூர்தர்ஷன் சேனல்களும் கிடைக்கும். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருபவை என்பதால் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். அதில் தமிழுக்குக் கிடைக்கும் பங்கு குறைவு. வீட்டில் யாராவது இரவு எட்டு மணித் தொடருக்காகத்தான் இந்தக் கணினியையே கேட்கிறார்கள் என்றால், இந்தப் படியைத் தாண்டி, கேபிள் இணைப்புக்கான நான்காம் படிக்கு நேராகப் போய்விடுங்கள்.

கார்டின் பெட்டியில், செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ்2 முறையின் பெயர் எழுதியிருக்கவேண்டும். முந்தைய தலைமுறையின் டிவிபி-எஸ் கார்டுகள், எடுத்துக்காட்டாக ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த ஸ்கைஸ்டார் 2, இரண்டாம் கைக்கு மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஃப்ரீ டிஷ்ஷில் அவை, எம்பெக்-2 என்ற பழைய சுருக்க முறைச் சேனல்கள் வரும் டிரான்ஸ்பாண்டர்களை (பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோள் அலைவரிசைகளை) மட்டுமே பிடிக்கும்; டிவிபி-எஸ்2 அலையில் புதிய எம்பெக்-4 முறையில் வருபவை கைக்கு எட்டாது. அதேபோல் விலை குறைவு என்பதற்காக ஆர்டிஎல்2832 சில்லுள்ள யூஎஸ்பி குச்சியை வாங்கிவிடாதீர்கள். அது ஆன்டெனா வழியாக வரும் டிவிபி-டி முறைக்கானது. டிஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எத்தனை டியூனர் வேண்டும் என்ற கேள்வியில் புதியவர்கள் தேவைக்கு மேல் செலவு செய்கிறார்கள். ஒரு டியூனர் ஒரு நேரத்தில் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பிடிக்கிறது. அந்த ஒரு டிரான்ஸ்பாண்டருக்குள் பல சேனல்கள் சேர்ந்தே வருகின்றன. டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள் அவற்றில் எத்தனை சேனலை வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் தனித்தனிக் கோப்பாகப் பிரித்துப் பதிவு செய்யும். உங்களுக்கு வேண்டிய நான்கு சேனல்களும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் ஒற்றை டியூனரே போதும். வேறு வேறாக இருந்தால் இரட்டை டியூனர் நல்லது. நான்கு டியூனர் உள்ள கார்டு ஒரு குடும்பத்துக்குத் தேவைப்பட்டதை நான் பார்த்ததில்லை.

இரட்டை டியூனர் வாங்குபவர்கள் அடுத்துக் கேட்பது, மாடியிலிருந்து இரண்டாவது கம்பி இழுக்கவேண்டுமா என்பது. பொதுவாக வேண்டும். டிஷ்ஷின் முனையில் அலையை வாங்கும் எல்என்பிக்கு 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகளையும் 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகளையும் அனுப்பும். இரண்டு டியூனர்கள் ஒரே கம்பியில் ஆளுக்கொன்று கேட்டால் சண்டை வந்துவிடும். ஆனால் ஃப்ரீ டிஷ் அலைகள் எல்லாமே செங்குத்து, எல்லாமே 11,700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்பட்டை. ஆகவே இரண்டு டியூனர்களும் எப்போதும் ஒரே 13 வோல்ட்டைத்தான் கேட்கும். மின்சாரம் கடந்துபோக விடும் நல்ல ஸ்பிளிட்டர் ஒன்றைப் போட்டு ஒரே கம்பியைப் பிரித்துவிடலாம். மூன்று மாடி இறக்கிக் கம்பி இழுக்கும் கூலி மிச்சம்.

தேடல் அமைப்பில் எல்என்பி வகை யுனிவர்சல் என்றும், சிம்பல் ரேட் 29500 என்றும் கொடுங்கள்.

படி 3: கார்டு உங்கள் கணினிக்குள் நுழையுமா

கணினியின் பக்க மூடியைத் திறந்து, தாய்ப்பலகையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இந்தப் படம் ஒன்று இருந்தால் கடைக்காரருடன் பாதி விவாதம் குறைந்துவிடும். நீளமான வெள்ளை நிறத் துளைகள் பழைய பிசிஐ வகை. குட்டையான துளை பிசிஐ எக்ஸ்பிரஸ். இன்று விற்கும் டிவிபி-எஸ்2 கார்டுகள் பெரும்பாலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 வகையைச் சேர்ந்தவை. குட்டைத் துளை காலியாக இல்லாவிட்டால், கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீளமான எக்ஸ்16 துளையிலும் அவை வேலை செய்யும்.

அலுவலகங்கள் கழித்துக்கட்டிய ஒல்லிக் கணினிகளைப் பதிவுக்கென்று வாங்குவது நல்ல யோசனைதான். சத்தம் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் அவற்றின் பெட்டிக்குள் பாதி உயரக் கார்டுகள் மட்டுமே நிற்கும். கார்டின் முனையில் திருகாணி போடும் தகரப் பட்டை இரண்டு அளவுகளில் வருகிறது. குட்டைப் பட்டை பெட்டிக்குள் கூடவே இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். என் நண்பர் ஒருவர் வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் அந்தத் தகரத்தை அறுத்துச் சரிசெய்தார். அறுத்ததில் சிதறிய இரும்புத் தூள் தாய்ப்பலகையில் விழாமல் துடைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

எல்என்பிக்கு மின்சாரம் கொடுப்பதும் கார்டின் வேலை. அதற்காகச் சில கார்டுகளில் கணினியின் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து (எஸ்எம்பிஎஸ்) வரும் நான்கு முள் இணைப்பைத் தனியாகச் சொருகவேண்டும். அதைச் சொருக மறந்துவிட்டு, சமிக்ஞையே இல்லை என்று டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. யூஎஸ்பி வகை டியூனர் வாங்கினால் அதனுடன் 12 வோல்ட் அடாப்டர் வருகிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி துளையின் மின்சாரம் மட்டும் எல்என்பிக்குப் பற்றாது.

படி 4: கேபிள் அல்லது கட்டண டிடிஎச் வீடாக இருந்தால், கேப்சர் கருவி

நமக்குத் தெரிந்த பெரும்பாலான வீடுகள் இந்த வகைதான். இங்கே டியூனர் வேலையைச் செட்டாப் பாக்ஸே செய்துவிடுகிறது. பாக்ஸிலிருந்து வெளியே வரும் படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கருவி நமக்குப் போதும்.

பாக்ஸின் பின்புறத்தில் எச்டிஎம்ஐ துளையும், மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்ற மூன்று ஏவி துளைகளும் இருக்கும். எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்கு எச்டிசிபி என்ற பூட்டு உண்டு. கேப்சர் கருவி அந்தப் பூட்டைக் கண்டால் கறுப்புத் திரையைத்தான் பதிவு செய்யும். அந்தப் பூட்டைக் கழற்றும் கருவிகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் சொந்த உபயோகத்துக்கு 52ஆம் பிரிவு இடம் கொடுத்தாலும், 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஏவி வழியாக வரும் 720க்கு 576 புள்ளிப் படம் அம்மாவின் 32 அங்குலப் பெட்டிக்குப் போதுமானதாக இருக்கிறது.

சில பாக்ஸ்களில் மூன்று துளைகளுக்குப் பதிலாக ஹெட்ஃபோன் துளையைப் போன்ற ஒரே ஒரு சிறு துளை இருக்கும். அதற்கான கம்பி எங்கும் கிடைக்கும் என்றாலும், உள்ளே எந்த வளையத்தில் படம், எதில் ஒலி என்பது கம்பிக்குக் கம்பி மாறுகிறது. மஞ்சளை மஞ்சளில் சொருகியும் படம் வராமல் உர்ர் என்ற இரைச்சல் மட்டும் கேட்டால், கம்பியைக் குப்பையில் போடாதீர்கள். கேப்சர் கருவியின் மஞ்சள் துளையில் சிவப்பு முனையைச் சொருகிப் பாருங்கள், அடுத்து வெள்ளையை. பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் படம் வந்துவிடும். ராயபுரத்தில் ஒரு வீட்டில் இதற்காகவே மூன்று கம்பிகள் வாங்கி வைத்திருந்தார்கள். மூன்றுமே நல்ல கம்பிகள்.

கேப்சர் கருவியில் இரண்டு வகை உண்டு. முதல் வகை படத்தைச் சுருக்காமல் அப்படியே கணினிக்குத் தள்ளும். சுருக்குவது மையச் செயலியின் பொறுப்பு. சுருக்காத படம் நொடிக்கு ஏறத்தாழ 21 மெகாபைட், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 75 கிகாபைட் என்பதால், செயலி தடுமாறினால் இடையிடையே படச் சட்டகங்கள் விடுபட்டு உதடும் பேச்சும் பொருந்தாமல் போகும். இரண்டாவது வகையில் கருவிக்குள்ளேயே எம்பெக்-2 முறையில் சுருக்கும் சில்லு இருக்கும். ஹாப்பாக் நிறுவனத்தின் பிவிஆர்-150 இந்த வகையில் பழைய தங்கம். பிசிஐ துளையுள்ள பழைய கணினியும் இருந்து, நல்ல நிலையில் இரண்டாம் கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். இல்லையென்றால், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்த எந்தக் கணினிக்கும் முதல் வகை யூஎஸ்பி கருவியே போதும்.

அந்த யூஎஸ்பி கருவிகளில் ஒரு சூது இருக்கிறது. ஈசிகேப் என்ற ஒரே பெயரிலும் ஒரே உருவத்திலும் குறைந்தது நான்கு வெவ்வேறு சில்லுகள் விற்பனையில் உள்ளன. வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. லினக்ஸில் எஸ்டிகே1160, இஎம்2860, யூடிவி007 ஆகியவை தொல்லையில்லாமல் இயங்கும். சோமாஜிக் சில்லு வந்து வாய்த்தால் தலைவலிதான்.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். பாக்ஸ் எந்தச் சேனலில் நிற்கிறதோ அது ஒன்றுதான் பதிவாகும். சேனலை மாற்றக் கணினியிலிருந்து அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் சிறு கருவியைப் பாக்ஸின் முகப்பில் ஒட்டவேண்டும், அல்லது பாக்ஸிலேயே டைமர் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாலை ஐந்து நிமிடம் மின்சாரம் போய் வந்தது. கணினி யூபிஎஸ் தயவில் நிற்காமல் ஓடியது. பாக்ஸ் மட்டும் அணைந்து, மறுபடி உயிர்பெற்றபோது இணைப்பு நிறுவனத்தின் விளம்பரச் சேனலில் போய் நின்றுகொண்டது. அன்றிரவு அம்மா பதிவைத் திறந்தபோது மூன்று மணி நேரம் நகை விளம்பரம்தான் இருந்தது. "இதுக்கா இவ்ளோ செலவு பண்ணே?" என்று கேட்டார். அன்றிலிருந்து பாக்ஸையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டேன்.

படி 5: டிரைவரைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்

கார்டின் வணிகப் பெயரை விட அதிலுள்ள சில்லின் எண்ணே முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் வரும் கார்டின் உள்ளுறுப்புகளை நிறுவனங்கள் சத்தமில்லாமல் மாற்றிவிடுகின்றன. விண்டோஸில் ஓட்டுவதாக இருந்தால், உங்கள் பதிப்புக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா என்று கைபேசியிலேயே பாருங்கள். பலர் பதிவுக்கு நம்பியிருந்த விண்டோஸ் மீடியா சென்டர் 2015இல் வந்த விண்டோஸ் 10இலிருந்தே இல்லை; அதற்குப் பதிலாக நெக்ஸ்ட்பிவிஆர் என்ற மென்பொருள் நன்றாக வேலை செய்கிறது. லினக்ஸில் டிரைவர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கார்டுகளைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனம் தனியாகக் கொடுக்கும் டிரைவரை நம்பினால், கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி கட்டவேண்டியிருக்கும்.

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைப் பக்கத்திலிருந்து ரிச்சி தெருவுக்குப் போக இப்போது மெட்ரோவே சௌகரியம். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பழைய கார்டு வாங்குவதானால், ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தையாகக் கொடுத்த வாக்கு என் 900 ரூபாய் விஷயத்தில் செல்லவில்லை.

படி 6: வட்டும் மாடியும்

சாதாரணத் தரப் பதிவு நொடிக்கு நாலரை மெகாபிட் என்று கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 2 கிகாபைட் ஆகும். 1 டெராபைட் வட்டில் சுமார் 500 மணி நேரம் நிற்கும். வேகமான வட்டு தேவையே இல்லை. இயங்குதளத்தைச் சிறிய எஸ்எஸ்டியிலும் பதிவுகளைச் சாதாரண வட்டிலும் வையுங்கள்.

டிஷ் வைப்பவர்களுக்கு நம் பகுதியில் இரண்டு விஷயங்கள் முக்கியம். சென்னையிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய தலைக்கு மேலே என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினாலும் பொதுவாக மறைக்காது. நெருக்கமான தெருக்களில் இது பெரிய வசதி. மற்றொன்று உப்புக்காற்று. காசிமேட்டிலும் எண்ணூரிலும் எல்என்பியில் கம்பியைத் திருகும் எஃப் கனெக்டர் சீக்கிரமே பச்சை பூத்துவிடும். கம்பியைத் திருகியவுடன், இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் ஒரு கோடைக்குத் தாங்காது. கம்பி கனெக்டருக்குச் சற்றுக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறும்படி விட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஷ்ஷுக்கு வரும் கேயூ பட்டை அலைகள் வலுவிழந்து பதிவு கட்டம் கட்டமாக உடையும். கார்டை மாற்றினாலும் இது தீராது. சற்றுப் பெரிய டிஷ்ஷும், வெயில் நாளில் கார்டின் சமிக்ஞை அளவைப் பார்த்துப் பார்த்துச் செய்த துல்லியமான திருப்பமும் ஓரளவு காப்பாற்றும்.

எல்லாம் பொருத்திய பின், கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும் தெரிவை மறக்காமல் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பதிவையும் ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து முடியும்படி வையுங்கள். பிறகு ஒரு முழு இரவு பதிவு ஓடவிட்டு, காலையில் கோப்பின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் திறந்து, பேச்சும் உதடும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். கடைக்காரர் எழுதிக்கொடுத்த ஒரு வாரம் முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.